பார்சல் உணவும் பலகையில் எழுதாத விலையும்

“எப்போதாவது ஒரு நாள் பரோட்டா சாப்பிடலாமா, டாக்டர்?” என்பது புறநோயாளர் பிரிவில் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் வினாக்களுள் ஒன்று. துறைமுகத்தில் இரவுப் பணி முடித்து வருவோருக்கும் சரக்கு லாரி ஓட்டுவோருக்கும் இரவு பதினொரு மணிக்குச் சூடாகக் கிடைப்பது பரோட்டாவும் சால்னாவுமே. சுவை இருக்கிறது, வயிறு நிறைகிறது, விலையும் கைக்கு அடங்குகிறது. எனவே அந்த விருப்பத்தை நாங்கள் குறை சொல்வதில்லை. ஆனால் கடைப் பலகையில் எழுதியிருப்பது அதன் முழு விலையன்று. மீதித் தொகை சில நாள் கழித்து மருந்துச் சீட்டில் வருகிறது. அந்தத் தொகையைக் கணக்கிடும் முறையை நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நல்லது.

முதலில் உப்பு. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக மிகுதியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு நம் மாவட்டத்து அளங்களிலிருந்து செல்கிறது. அளத்தில் குவியலாகக் கிடக்கும்போது கண்ணில் படும் உப்பு, சால்னாவில் கரைந்தபின் படுவதில்லை.

அதைக் காண எளிய வழி ஒன்று உண்டு. வார்டில் தொங்கும் சலைன் பாட்டிலைப் பாருங்கள். ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் இரத்தத்தின் உப்புச் செறிவும் ஏறத்தாழ அதற்கு இணையானதே. ஆகவே 9 கிராம் உப்பு உடலில் தங்கினால், அதனுடன் ஒரு லிட்டர் நீரும் தங்கும். உப்பு மிகுந்தால் தாகம் எடுக்கிறது; தண்ணீர் குடிக்கிறோம். சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருப்பவருக்கு அது ஓரிரு நாளில் வெளியேறிவிடும். இதயம் பலவீனமானவருக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் அவ்வாறு வெளியேறுவதில்லை. கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சுத் திணறுகிறது. அதன்பின் அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்குச் சொல்லும் அளவு, நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அரை லிட்டர் சலைன் பாட்டிலில் இருப்பதே 4.5 கிராம். ஃப்ரைட் ரைஸில் ஊற்றும் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறத்தாழ 2 கிராம் உப்பு அடங்கியிருக்கிறது. அஜினமோட்டோவிலும் சோடியம் உண்டு. உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. பாக்கெட் உணவானால் பின்புறத்தில் சோடியத்தின் அளவு மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு. அந்த அளவு 100 கிராமுக்கா, ஒரு பாக்கெட்டுக்கா என்பதையும் பார்க்க வேண்டும். பலர் ஏமாறும் இடம் இது.

வீட்டுச் சாப்பாடு என்பதனாலேயே உப்புக் குறைந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் நம் வீட்டுப் பொருள்களே. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. அதற்குத் தனிச் சலுகை கிடையாது. குறைந்த சோடியம் உப்பு என விற்கப்படுவதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரக நோயாளி மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக்கூடாது.

அடுத்தது சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பேராய்வு ஒன்று 2023-இல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு அது இருப்பதாகவும் அவ்வாய்வு கூறியது. இவர்களுக்குப் பரோட்டா செய்யும் தீங்கு மைதாவோடு நிற்பதில்லை. மைதாவும் எண்ணெயும் சேர்ந்திருப்பதே சிக்கல். கொழுப்பு இரைப்பையை மெதுவாகக் காலியாக்குகிறது. அதனால் உண்ட இரண்டு மணி நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஓரளவு சரியாகவே தோன்றலாம். பின்னிரவில் அது ஏறுகிறது; காலை வெறும் வயிற்றுப் பரிசோதனையிலும் உயர்ந்தே நிற்கிறது.

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத செலவு தொடங்குகிறது. நோயாளி மாத்திரையை ஒழுங்காகப் போட்டதாகச் சொல்கிறார், அது உண்மையும்கூட. முந்தின இரவு உண்டதை அவரும் சொல்வதில்லை, கேட்பாரும் இல்லை. மருந்து போதவில்லை என்று முடிவாகி அளவு கூட்டப்படுகிறது. அடுத்த வாரம் ஒரு நாள் அவர் இரண்டு இட்லியோடு படுத்துவிடுகிறார். கூட்டிய மருந்து அன்றும் தன் வேலையைச் செய்கிறது. நள்ளிரவில் வியர்வை, நடுக்கம், குழப்பம், முதியவரானால் மயக்கம். தாழ்சர்க்கரை உயர்சர்க்கரையைவிட விரைவாக உயிருக்கு ஆபத்தாகலாம். எங்கள் கருத்தில், இரவு உணவின் இந்தத் தடுமாற்றமே பரோட்டாவைவிடக் கவலைக்குரியது. வாரம் ஒரு முறை அளவோடு உண்பவருக்கு மருந்தைத் திட்டமிடலாம்; எதை, எப்போது உண்பார் என்பதே தெரியாதவருக்குத் திட்டமிட வழியில்லை.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கழிவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள விதி. கறுத்து நுரைத்து, அடுப்பில் வைத்ததும் புகையும் எண்ணெயில் பொரித்ததை வாங்காதிருக்க அந்த அளவுகோலும் தேவையில்லை.

சவர்மாவோடு வரும் மயோனைஸ் வேறு வகை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். சூடு படாததால் அவை அழிவதில்லை. கருவுற்றோர், குழந்தைகள், முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

இதய நோயாளி, சிறுநீரக நோயாளி வீடுகளில் ஓர் எடைப் பொறி இருக்கட்டும். காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையன்று, நீர். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள். வார்டில் இருப்பவருக்கு வெளியிலிருந்து பார்சல் கொண்டுவந்தால், கொடுக்குமுன் செவிலியரிடம் காட்டுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வரும்போது முந்தின இரவு உண்டதையும் உண்ட நேரத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொணருங்கள். நான்கு பரோட்டா என்றால் நான்கு என்றே எழுதுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். மருந்தின் அளவை மாற்றுமுன் நாங்கள் பார்க்க விரும்புவது அந்தத் தாளைத்தான்.