மண்டையோட்டைத் துளைக்காமல் மூளைக்குள் வெளிச்சம்

நம்பிக்கை: ஒளி பட்டாலே மூளை செல்கள் தூண்டப்படும்.

உண்மை: தூண்டப்படாது. நம் மூளையின் நரம்பு செல்களுக்கு வெளிச்சத்துக்கென்று தனி உணர்வு கிடையாது. அந்த உணர்வை விஞ்ஞானிகள் கடன் வாங்கியது கிளமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியிடமிருந்து. வெளிச்சம் எங்கே என்று அறிந்து நீந்த அதற்கு உதவும் புரதங்களில் ஒன்று சேனல்ரோடாப்சின். நீல ஒளி பட்டதும் திறந்து, மின்னூட்டமுள்ள அயனிகளை செல்லுக்குள் விடும். ஜெர்மனியில் பீட்டர் ஹெகமன், கியோர்க் நாகெல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோர் 2002, 2003 ஆண்டுகளில் இதை விளக்கினார்கள். 2005இல் ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசராத்தும் எட்வர்ட் பாய்டனும் அடங்கிய குழு, இந்தப் புரதத்தின் மரபணுவை எலியின் நரம்பு செல்களுக்குள் செலுத்தி, ஒளியால் அவற்றை மில்லிநொடித் துல்லியத்தில் இயக்கிக் காட்டியது. ஆப்டோஜெனடிக்ஸ் என்று இன்று சொல்லப்படும் துறை இப்படித்தான் வேரூன்றியது. மரபணு இல்லாவிட்டால் வெறும் விளக்குதான் மிஞ்சும்.

நம்பிக்கை: தலைக்கு வெளியே விளக்கு வைத்தால் போதும், துளை போடுவது பழைய முறை.

உண்மை: இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை விரல் நுனியால் மூடிப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம் உள்ளே போகிறது, வெளியே வருவது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. மிஞ்சியதைத் திசு சிதறடிக்கிறது. பாசிப் புரதத்துக்குத் தேவையான நீலம் ஆழத்துக்குப் போய்ச் சேராததால்தான் எலியின் மண்டையில் துளையிட்டு ஒளியிழையை இறக்கினார்கள். பெரும்பாலான ஆய்வுக்கூடங்களில் இன்றும் அதுதான் நடக்கிறது.

துளையைத் தவிர்க்க ஒரு வழி, சிவப்புக்கு இசையும் புரதத்தைத் தேடுவது. 2020இல் டைசராத்தின் குழு சிஆர்மைன் என்ற புரதத்தைக் கொண்டு, மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே ஒளி பாய்ச்சி, சுண்டெலி மூளையில் 7 மில்லிமீட்டர் ஆழம்வரை செல்களை இயக்கியது. இன்னொரு வழி, ஒளியை உள்ளேயே உண்டாக்குவது. 2018இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனக் குழு, அகச்சிவப்புக் கதிரை வாங்கி நீல ஒளியாக மாற்றித் தரும் நுண்துகள்களைப் பயன்படுத்தியது. கதிர் வெளியிலிருந்து வந்தது. துகள்களையோ ஊசி வழியாக மூளைக்குள் வைக்க வேண்டியிருந்தது. 2019இல் ஸ்டான்ஃபோர்டில் குவோசொங் ஹாங்கின் குழு செய்ததுதான் என்னை மிகவும் வியக்கவைத்தது. துகள்கள் ரத்தத்தில் ஓடுகின்றன. தோலுக்கு அடியிலுள்ள நாளங்களைக் கடக்கும்போது ஒளியைச் சேமித்துக்கொள்கின்றன. மூளையில் அல்ட்ராசவுண்ட் குவியும் இடத்துக்கு வந்ததும் அதை நீல ஒளியாக வெளிவிடுகின்றன.

நம்பிக்கை: துளை இல்லையென்றால் உடலுக்குள் எதுவும் போகவில்லை.

உண்மை: அதிகம் பேர் இடறும் இடம் இது. விளக்கு வெளியே இருந்தாலும் மரபணு உள்ளே போயே ஆக வேண்டும். அதைச் சுமந்து செல்வது தீங்கு நீக்கப்பட்ட ஒரு வைரஸ். சிஆர்மைன் ஆய்வில் மூளையைத் தொடாமல் வைரஸை ரத்தத்தில் செலுத்த முடிந்தது. ஆனால் அதற்கு உதவிய வைரஸ் வகை, சுண்டெலியின் ரத்தநாளச் சுவரிலுள்ள எல்ஒய்6ஏ என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு மூளைக்குள் நுழைவது. சுண்டெலிகளிலேயே சில இனங்களில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. மனிதரிடம் இந்த வழி கிடையாது. தவிர, ஒளியை அணைத்துவிடலாம். செலுத்திய மரபணுவைத் திரும்ப எடுக்க முடியாது. அறுவை குறைவு என்பதை ஆபத்து குறைவு என்று படிக்கக் கூடாது.

நம்பிக்கை: எலிக்குச் சரியாக வந்தால் நமக்கும் விரைவில் வந்துவிடும்.

உண்மை: சுண்டெலியின் மூளை அரை கிராம்கூட இல்லை, நம்முடையது சுமார் 1.3 கிலோ. 7 மில்லிமீட்டர் என்பது நம் மண்டையோட்டின் தடிமனுக்கே சரியாகப் போய்விடும். பார்க்கின்சன் சிகிச்சையில் மின்முனை வைக்கப்படும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற மூளைப் பகுதி பல சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது.

மனிதரிடம் பலன் தெரிந்த இடம் கண். விழித்திரைக்கு வெளிச்சம் இயல்பாகவே போய்ச் சேருவது ஒரு வசதி. விழித்திரை நிறமிச் சிதைவால் பார்வையிழந்த 58 வயதுக்காரர் ஒருவர், ஒரு கண்ணில் மரபணு ஊசி போட்டுக்கொண்டு, பல மாதப் பயிற்சிக்குப் பின், தனிக் கண்ணாடி அணிந்து மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தைக் கண்டு தொட்டார். இந்த ஆய்வு 2021இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியானது. முகங்களை அடையாளம் காணும் அளவுக்குப் பார்வை திரும்பவில்லை.

நம்பிக்கை: கடையில் கிடைக்கும் சிவப்பு விளக்குத் தொப்பியும் இதே முறைதான்.

உண்மை: இல்லை. அதில் மரபணு கிடையாது, எந்த செல்லையும் தேர்ந்தெடுத்து இயக்கும் திறனும் கிடையாது. ஆப்டோஜெனடிக்ஸ் ஆய்வுகளைக் காட்டி யாராவது அதை விற்க வந்தால் வாங்காதீர்கள். வீட்டில் பார்க்கின்சனுக்கோ வலிப்புக்கோ மருந்து எடுப்பவர் இருந்தால், அதை நம்பி ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்த விடாதீர்கள்.