சிறிய வண்டியும் பெரிய கேள்வியும்

நுழையும்முன்

நகரத்தின் காலை நேரச் சாலையை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஐவர் அமரத்தக்க மகிழுந்துகள் பலவற்றில் ஒருவர் மட்டுமே அமர்ந்து செல்கிறார். அதே சாலையில், இருவருக்கென அமைந்த இருசக்கர வண்டியில் தந்தை, தாய், பிள்ளைகள் இருவர் என நால்வர் நெருக்கியமர்ந்து செல்கின்றனர். ஒரு பக்கம் இடம் வீணாகிறது. மறுபக்கம் உயிர் ஊசலாடுகிறது. இவ்விரண்டுக்கும் தீர்வாக எண்ணப்பட்டதே மிகச்சிறிய மகிழுந்து. அன்றாடப் பயணத்திற்கு அது ஏற்றதுதானா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

1. சிறு மகிழுந்தின் வருகை

ஒரு காலத்தில் இந்தியச் சாலைகளில் அம்பாசிடர் வண்டியே அரசோச்சியது. ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுடைய அவ்வண்டி, வசதி படைத்தோருக்கும் அரசு அலுவலர்களுக்கும் உரியதாகக் கருதப்பட்டது. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் இந்நிலை மாறத் தொடங்கியது. அன்று மாருதி 800 வண்டியின் முதல் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். அரியானாவின் குர்கானில் உருவான அவ்வண்டியின் இயந்திரக் கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். ஆசிரியர், எழுத்தர், சிறுவணிகர் ஆகியோரின் வாசலிலும் மகிழுந்து நிற்கலாம் என்ற நம்பிக்கையை அது விதைத்தது. 1998இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவான சான்ட்ரோ அவ்வரிசையில் சேர்ந்தது.

ஆயினும், இருசக்கர வண்டிக்கும் இம்மகிழுந்துகளுக்கும் இடையே விலையில் பெரும் பள்ளம் இருந்தது. அப்பள்ளத்தைத் தாண்ட இயலாத குடும்பங்கள் மழையிலும் வெயிலிலும் இருசக்கர வண்டியிலேயே சென்றன.

2. நானோ என்னும் முயற்சி

மழையில் நனைந்தபடி ஒரே இருசக்கர வண்டியில் செல்லும் குடும்பங்களைக் கண்டதே நானோ பிறக்கக் காரணம் என்று தொழிலதிபர் ரத்தன் டாடா கூறினார். 2008 ஜனவரி 10 அன்று தில்லியில் நடந்த வாகனக் கண்காட்சியில் நானோ அறிமுகமானது. அதன் அடிப்படை வடிவத்தின் விலை ஒரு லட்சம் ரூபாய் என அறிவிக்கப்பட்டது. வரியும் பிற செலவுகளும் அதற்கு மேல். உலகமே அவ்வண்டியை வியந்து நோக்கியது.

நானோவின் நீளம் ஏறத்தாழ 3.1 மீட்டர், எடை ஏறத்தாழ 600 கிலோகிராம். 624 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இயந்திரம் பின்னிருக்கையின் அடியில் பொருத்தப்பட்டது. முன்பகுதியில் இயந்திரம் இல்லாததால், சிறிய வண்டியானாலும் நால்வர் காலை நீட்டி அமர முடிந்தது. செலவைக் குறைப்பதற்காக, ஒவ்வொரு சக்கரத்தையும் மூன்று திருகாணிகளே தாங்கின. முன்கண்ணாடிக்கு ஒரே துடைப்பான். பின்புறக் கதவு திறக்காது. பெட்டியை வைக்கப் பின்னிருக்கையை மடக்க வேண்டும். அடிப்படை வடிவத்தில் குளிர்சாதனமும் உயிர்காப்புக் காற்றுப்பையும் இல்லை.

2009 மார்ச்சில் நானோ விற்பனைக்கு வந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்பதிவு செய்தனர். முதல் ஒரு லட்சம் பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

ஆனால் தொடக்கத்திலிருந்தே தடைகள் சூழ்ந்தன. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் எழுந்த தொழிற்சாலை, நிலம் எடுப்பதற்கு எதிரான உழவர் போராட்டத்தால் 2008 அக்டோபரில் கைவிடப்பட்டு, குஜராத்தின் சனந்துக்கு மாறியது. சில வண்டிகள் தீப்பற்றிய செய்திகள் மக்களை அச்சுறுத்தின. இவை அனைத்தினும் மேலாக, ‘மலிவான வண்டி’ என்ற பெயர் நானோவின் மீது ஒட்டிக்கொண்டது. மகிழுந்து வாங்குவதைப் பெருமையாகக் கருதிய குடும்பங்கள் அப்பெயரை விரும்பவில்லை. அப்பெயரே வண்டிக்குத் தீங்காயிற்று என்பதை ரத்தன் டாடாவும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டிகளை உருவாக்க அமைந்த தொழிற்சாலை, தன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்களவுகூட எந்த ஆண்டிலும் விற்பனையைக் காணவில்லை. 2018ஆம் ஆண்டோடு நானோவின் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோனது.

3. சிறுமையின் சிறப்பு

நானோ தோற்றதனால் சிறு வண்டிகளே பயனற்றவை என முடிவுகட்டிவிடலாகாது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது பழமொழி. சிறு வண்டிக்கெனச் சில சிறப்புகள் உண்டு.

முதலாவது, இடம். பழைய நகரங்களின் சந்துகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வண்டி நிறுத்துமிடங்களும் அகலமானவை அல்ல. நீளம் குறைந்த வண்டி அங்கே எளிதில் நுழையும். குறுகிய இடத்தில் திரும்பும்.

இரண்டாவது, எரிபொருள். எடை குறைந்த வண்டியை நகர்த்தக் குறைந்த ஆற்றலே போதும். நின்று நின்று செல்லும் நகரப் போக்குவரத்தில் இந்நன்மை மேலும் பெருகும். ஒவ்வொரு முறையும் நிற்கும் வண்டியை மீண்டும் உந்த வேண்டியிருப்பதே அதற்குக் காரணம்.

ஒரு கணக்கைக் காண்போம். ஒருவர் நாள்தோறும் 20 கிலோமீட்டர் வீதம் மாதத்தில் 25 நாள் பயணம் செய்வதாகக் கொள்வோம். மொத்தத் தொலைவு 500 கிலோமீட்டர். ஒரு லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் சிறு வண்டிக்கு 25 லிட்டர் பெட்ரோல் வேண்டும். ஒரு லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பெரிய வண்டிக்கு 40 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டரின் விலை 100 ரூபாய் எனின், மாதம் 1,500 ரூபாயும் ஆண்டுக்கு 18,000 ரூபாயும் மிச்சமாகும்.

மூன்றாவது, தூய்மை. மின்கலத்தால் ஓடும் வண்டிகளில் மின்கலமே விலையுயர்ந்த பகுதி. வண்டி சிறிதாயின் மின்கலமும் சிறிதாகலாம். பெங்களூரில் உருவான ரேவா என்னும் சிறு மின் மகிழுந்து 2001ஆம் ஆண்டிலேயே விற்பனைக்கு வந்தது. 2023இல் வந்த காமெட் என்னும் மின் மகிழுந்தின் நீளம் 3 மீட்டருக்கும் குறைவு. ஆயினும் அதில் நால்வர் அமரலாம்.

4. எண்ணிப் பார்க்க வேண்டியவை

வரவை மட்டும் கணக்கிட்டுச் செலவை மறப்பது அறிவுடைமை ஆகாது. சிறு வண்டியின் பெருங்குறை அதன் எடைக் குறைவிலேயே அடங்கியுள்ளது. 600 கிலோகிராம் எடையுள்ள வண்டியும் 1,800 கிலோகிராம் எடையுள்ள வண்டியும் நேருக்கு நேர் மோதுவதாகக் கொள்வோம். அம்மோதலில் சிறு வண்டியின் வேகம் பெரிய வண்டியின் வேகத்தைப்போல் மூன்று மடங்கு மாறுதல் அடையும். வண்டி அடையும் அதிர்ச்சியை உள்ளே இருப்பவரின் உடலே தாங்குகிறது. மேலும், பெரிய வண்டியின் நீண்ட முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்கும். சிறு வண்டியில் நசுங்குவதற்குரிய இடம் குறைவு.

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான மோதல் சோதனை முடிவுகள் இதனை உணர்த்தின. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடந்த அச்சோதனையில், பெரியவர்களின் பாதுகாப்புக்கு நானோ ஒரு விண்மீன் மதிப்பையும் பெறவில்லை. அதே வேளையில் சோதிக்கப்பட்ட, நானோவினும் பெரிய வேறு சில வண்டிகளும் காற்றுப்பை இல்லாத வடிவத்தில் அதே மதிப்பையே பெற்றன. எனவே, குறை உருவத்தில் மட்டும் இல்லை. கட்டமைப்பின் உறுதியிலும் பாதுகாப்புக் கருவிகளிலும் இருந்தது என்பது தெளிவாகிறது. பிற்காலத்தில் மோதல் சோதனை விதிகள் கடுமையாயின. முன்னிருக்கைகளுக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2023 அக்டோபரில் இந்தியாவிற்கெனத் தனி மதிப்பீட்டுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது.

வேகத்தையும் எண்ண வேண்டும். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நெரிசல் மிக்க நகரத் தெருவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது போதுமானதாக இருக்கும் வண்டி, சரக்குந்துகள் விரையும் நெடுஞ்சாலையில் போதாததாகிவிடும்.

5. ஜப்பான் கற்பிக்கும் பாடம்

சிறு வண்டிகள் செழித்த நாடு ஜப்பான். அங்கு ‘கேய்’ என்னும் வகை மகிழுந்துகளுக்குச் சட்டமே அளவு வகுத்துள்ளது. நீளம் 3.4 மீட்டரையும் அகலம் 1.48 மீட்டரையும் இயந்திரக் கொள்ளளவு 660 கன சென்டிமீட்டரையும் மிஞ்சலாகாது. சொந்தப் பயன்பாட்டுக்கான கேய் வண்டிகளை மஞ்சள் நிற எண் பலகையால் அடையாளம் காணலாம். அவற்றுக்கு வரி குறைவு. பல ஊர்களில் வண்டி நிறுத்துமிடம் குறித்த விதிகளும் தளர்த்தப்பட்டுள்ளன. ஜப்பானில் விற்கும் புதிய மகிழுந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது. அங்கு சிறு வண்டியை ஏழையின் வண்டி என எவரும் இகழ்வதில்லை; தேவைக்குப் பொருந்தும் வண்டி என்றே மதிக்கின்றனர்.

6. எது தகுதி?

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அலுவலகம், பள்ளி, சந்தை, கோயில் ஆகியவையே அதன் அன்றாடப் பயணங்கள். சென்னைக்குச் செல்ல ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் கடக்க வேண்டும். அதற்குத் தொடர்வண்டி உள்ளது. தாத்தாவும் பாட்டியும் ஊரிலிருந்து வந்தால் ஒரு வாரத்திற்கு வாடகை வண்டி போதும். ஆண்டில் சில நாள் எழும் தேவைக்காக ஆண்டு முழுவதும் பெரிய வண்டியைக் கட்டித் தீனிபோடுவது எதற்கு? இக்குடும்பத்திற்குச் சிறு வண்டியே தகும்.

இதற்கு மாறாக, வாரந்தோறும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோருக்கும், முதியோரையும் மூட்டைகளையும் அடிக்கடி ஏற்றிச் செல்வோருக்கும் மிகச்சிறிய வண்டி ஏற்றதன்று. விலை குறைகிறதே என்று அவர்கள் அதனை வாங்கினால், பின்னர் வருந்த நேரிடும்.

எவராயினும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கலாகாது. துடைப்பான் ஒன்று குறைந்தால் மழைநாளில் சற்று இடர் உண்டாகும். காற்றுப்பை குறைந்தால் உயிருக்கே இடர் உண்டாகும். எதைக் குறைத்து விலையைக் குறைத்தனர் என்று கேட்டறிந்த பின்னரே வண்டியை வாங்க வேண்டும். விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பர் பெரியோர். வண்டியும் தேவைக்குத் தக்கதாக இருத்தல் வேண்டும். ஆனால் பாதுகாப்பு, வண்டியின் அளவுக்குத் தக்கபடி சுருங்கக் கூடாது. நால்வரைச் சுமக்கும் இருசக்கர வண்டியிலிருந்து ஒரு குடும்பத்தை இறக்கிப் பாதுகாப்பாக அமரவைக்கும் சிறு வண்டி, அளவில் சிறிதெனினும் பயனில் பெரிதாகும்.

சொற்பொருள்

அரசோச்சுதல் – ஆட்சி செய்தல்
இடர் – துன்பம்
உந்துதல் – முன்னே தள்ளுதல்
கொள்ளளவு – உள்ளே கொள்ளும் அளவு
சரக்குந்து – பொருள்களை ஏற்றிச் செல்லும் வண்டி
திருகாணி – திருகி இறுக்கும் ஆணி

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மாருதி 800 வண்டியின் முதல் சாவியை வழங்கியவர் ________.
2. நானோவின் இயந்திரம் ________ அடியில் பொருத்தப்பட்டது.
3. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் ________ மடங்காகும்.

ஆ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. நானோ தொழிற்சாலை சிங்கூரிலிருந்து மாறியதேன்?
2. நகரப் போக்குவரத்தில் எடை குறைந்த வண்டி எரிபொருளை எவ்வாறு மிச்சப்படுத்துகிறது?
3. கேய் வண்டிகளுக்கு ஜப்பானில் கிடைக்கும் சலுகைகள் யாவை?

இ. பிரித்து எழுதுக.
நெடுஞ்சாலை, சிற்றுந்து, காற்றுப்பை

ஈ. இலக்கணம் அறிக.
‘எரிபொருள்’ என்னும் சொல் எரிந்த பொருள், எரிகின்ற பொருள், எரியும் பொருள் என முக்காலத்திற்கும் பொருந்தும். இவ்வாறு காலம் மறைந்து வருவது வினைத்தொகை. ‘ஊறுகாய்’, ‘சுடுநீர்’ என்பனவற்றை இவ்வாறே முக்காலத்திலும் விரித்து எழுதுக.

உ. கணக்கிட்டு எழுதுக.
உங்கள் வீட்டில் உள்ளோர் ஒரு வாரத்தில் செல்லும் இடங்களையும் தொலைவையும் பட்டியலிடுக. அப்பயணங்களில் எத்தனை, இருவருக்கு மேற்பட்டோர் சேர்ந்து சென்றவை? உங்கள் குடும்பத்திற்கு ஏற்றது சிறு வண்டியா, பெரிய வண்டியா, பேருந்தும் மெட்ரோ தொடர்வண்டியுமே போதுமா? வீட்டில் உள்ள பெரியவர்களுடன் தமிழில் உரையாடி, காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.