ஹேண்டில்பார் அசைய மறுத்தால்

பிள்ளை வளர்ந்தாச்சு, சைக்கிள் ஹேண்டில்பாரை உயர்த்தணும். மேல் போல்ட்டைத் தளர்த்தியும் அசையவில்லையா? முறுக்கி இழுக்காதீர்கள். பல சைக்கிள்களில் அந்த நீள போல்ட்டின் அடியில், ஃபோர்க் குழாய்க்குள், சாய்வாக வெட்டிய ஆப்பு ஒன்று இருக்கும். போல்ட்டை இறுக்கும்போது அது சறுக்கி மேலேறி, குழாயின் உட்சுவரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். தளர்த்தினாலும் பிடி சட்டென்று விடாது.

இரண்டு மூன்று சுற்று மட்டும் கழற்றி, மேலெழுந்த போல்ட் தலையில் மரத்துண்டு வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. 'டக்'கென்று ஆப்பு இறங்கிவிடும். முழுசாகக் கழற்றினால் ஆப்பு உள்ளே விழுந்துவிடும், வேலை இரட்டிப்பு! ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டிலுள்ள எல்லைக் கோடு வெளியே தெரியுமளவு உயர்த்தக் கூடாது. இறுக்கியபின் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, ஹேண்டில்பாரை அழுத்தித் திருப்பிப் பாருங்கள். தனியாகத் திரும்பினால் இன்னும் இறுக்க வேண்டும்.