தங்கிப்போனவர் பணத்தைத் திரும்பக் கேட்டால்

கேள்வி: துய்மா வீதியில் நான்கு அறை விடுதி நடத்துகிறேன். தங்கிப்போன பிரெஞ்சுக்காரர், ஆன்லைனில் கார்டு போட்டது தான் இல்லை என்று அவர் வங்கியில் புகார் செய்துவிட்டார். பேமெண்ட் கேட்வேக்காரர்கள் என் பணத்தைப் பிடித்துவிட்டார்கள். நியாயமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. கார்டு வங்கி ‘சார்ஜ்பேக்’ கேட்டால், கேட்வே அதை உங்கள் தலையில்தான் கட்டும். நம்மூர் கார்டுக்கு 2009 முதல் ஆன்லைனில் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டு கார்டு பல நேரம் ஓடிபி இல்லாமலே போய்விடும். ஓட்டை அங்கேதான். ஓடிபி கேட்டிருந்தால் மோசடிப் புகாரின் நஷ்டம் பெரும்பாலும் கார்டு வங்கிக்கே.

அவர் வந்தபோது வெளிநாட்டு விருந்தினருக்கான அரசுப் படிவம் பதிந்திருப்பீர்களே? அதையும் பாஸ்போர்ட் நகல், கையெழுத்திட்ட பதிவேட்டுப் பக்கம், ரசீதையும் கேட்வேக்கு இன்றே அனுப்புங்கள். கெடு சில நாள்தான்.