நாக்கை உடைக்காத கேசட்

கும்பகோணம்,
புதன் இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று மத்தியானம் உங்கம்மா போன் பண்ணினாள். மழை, முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய் என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, வைக்கப் போகும்போதுதான், "அண்ணே, வளையலை வச்சா எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாயங்காலம் உன் தங்கச்சிதான் சொன்னாள், நீ தொண்ணூறாயிரத்துக்கு ஒரு இன்டர்ஃபேஸ் பெட்டி பார்த்து வைத்திருக்கிறாய் என்று. ராத்திரி மூன்று மணிவரை உன் அறையில் லைட் எரிகிறதாம். இட்லி ஆறிப்போய்க் கிடக்கிறதாம்.

திட்டுவதற்காக எழுதவில்லை. போனில் பேசினால் என் குரல் ஏறிவிடும், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய பாட்டை மூன்று தடவை கேட்டேன். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடலாம். இனிமேல் டாக்குமெண்டாக அனுப்பு. நசுங்கியிருந்தாலும் எனக்குக் கேட்டதைச் சொல்கிறேன். பல்லவி முழுக்கப் பின்னால் ஃபேன் ஓடுகிறது, அதுவும் நாலாம் நம்பரில். கீபோர்டுக்கும் உன் குரலுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி, குரல்தான் பிந்துகிறது. சரணத்தில் மேலே போகிற இடத்தில் சத்தம் கிழிகிறது. இரண்டு இடத்தில் கமகம் வழுக்காமல் படிக்கட்டு ஏறுகிறது. நீ என்னவென்றால் சாப்ட்வேர் சரியில்லை, லேப்டாப் சரியில்லை, பெட்டியை மாற்றினால் எல்லாம் தீரும் என்கிறாய்.

வடபழனி ரிக்கார்டிங் தியேட்டரில் இருபத்திரண்டு வருஷம் டேப் ஓட்டியவன் சொல்கிறேன், கேள். ரிக்கார்டிங்கில் வருகிற கோளாறு இரண்டே ரகம். நாளைக்கு உட்கார்ந்து சரிபண்ணக்கூடியது ஒன்று. பதிவான அந்த நொடியிலேயே செத்துப்போனது இன்னொன்று. நீ முதல் ரகத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய். இரண்டாவதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

குரல் பிந்துவது முதல் ரகம். தங்கச்சி அனுப்பின போட்டோவில் நீ காதில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு பாடுகிறாய். பாட்டு கேட்க அது சரி. பாடிப் பதிய ஆகாது, சத்தம் உன் காதுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடும். ஒயர் ஹெட்ஃபோன் போடு. அடுத்து பஃபர். நொடிக்கு 48,000 சாம்பிள் ஓடும்போது பஃபர் 1024 என்றால் ஒரு பக்கம் போவதற்கே 21 மில்லி செகண்ட். உள்ளே வந்து வெளியே போக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பாடும்போது அதை 128க்கு இறக்கு, ஒரு பக்கத்துக்கு மூன்று மில்லி செகண்டுக்குள் அடங்கிவிடும். மிக்ஸ் பண்ண உட்காரும்போது மறுபடி 1024க்கு ஏற்றிக்கொள். உன் ரீப்பர் சாப்ட்வேரில் டிவைஸ் பக்கத்தைத் திறந்து, உன் பெட்டி கம்பெனி கொடுத்த ஆசியோ டிரைவர்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பார். விண்டோஸ் தானாகக் கொடுக்கிற வழி சுற்றுவழி. 128ல் பட்பட் என்று வெடித்தால் பெட்டியைக் குறை சொல்லாதே. மாஸ்டரில் மாட்டி வைத்திருக்கிற லிமிட்டரையும் மற்ற பிளக்-இன்களையும் கழற்று, முடிந்த ட்ராக்குகளை ஃப்ரீஸ் பண்ணு, வைஃபையை அணை, யூஎஸ்பி ஹப் வழியாக இல்லாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகு. அப்படியும் குரல் ஒரே அளவில் பிந்தியிருந்தால் அந்த ட்ராக்கைப் பிடித்து அந்த அளவு முன்னால் தள்ளிவிடலாம். முடிந்தது வேலை.

போன மாதம் பழைய பாட்டைத் திறந்தால் குரல் கார்ட்டூன் மாதிரி வருகிறது என்று அலறினாயே, அதுவும் இந்த ரகம்தான். 44,100ல் பதிந்ததைப் பெட்டி 48,000ல் ஓட்டியிருக்கிறது. ஒரு கட்டையில் பாடினவன் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்பான், வேகமும் கூடும். பெட்டியிலும் ரீப்பரிலும் 48,000 என்று வைத்துவிடு, வீடியோவுக்கும் அதுதான் வேண்டும். கமகப் படிக்கட்டுக்குக் காரணம் நீ மாட்டியிருக்கிற ஆட்டோ-டியூன். 1997ல் அதைக் கொண்டுவந்த ஆண்டி ஹில்டிபிராண்ட், அதற்கு முன்னால் பூமிக்குள் சத்தத்தை அனுப்பி எண்ணெய் தேடுகிற கணக்கு போட்டுக்கொண்டிருந்தவர். கெட்டிக்கார மனுஷன்தான். ஆனால் பன்னிரண்டு சுரத்தில் கொண்டுபோய் ஒட்டு என்று சொல்லிவிட்டால், தோடி காந்தாரம் என்ன பாவம் செய்தது? கழற்று, குரல் திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் திரும்பி வரும் மாப்பிள்ளை. சரணத்தில் கிழிந்தது திரும்பி வராது.

டேப்புக்குப் பெருந்தன்மை உண்டு. ஊசி சிவப்புக்குள் போனாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், சில பாடகர்களுக்கு அதுவே ஒரு கனம் கொடுக்கும். கம்ப்யூட்டருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. பூஜ்யத்துக்கு மேலே இடமில்லை, தலையைச் சீவிவிடும். ரீப்பரில் அந்த அலையைப் பெரிதாக்கிப் பார். உச்சி மொட்டையடித்த மாதிரி தட்டையாக இருந்தால் உள்ளே வரும்போதே போய்விட்டது, எந்த பிளக்-இன்னும் பழையபடி ஆக்காது. அலை முழுசாக இருந்து மாஸ்டர் மட்டும் சிவப்பானால் பயமில்லை, இறக்கிக்கொள்ளலாம். நீ செய்கிற தப்பு எனக்குத் தெரியும். பல்லவியின் முதல் வரியை முணுமுணுத்துப் பார்த்து கெயின் திருகுகிறாய். சரணத்தின் உச்ச வரியை நெஞ்சு திறந்து பாடி, அது மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கிற மாதிரி வை. 24 பிட்டில் பதியும்போது குறைவாக இருக்கிறதே என்ற கவலை வேண்டாம், பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

ஃபேனும் அப்படித்தான். குரலோடு பதிந்துவிட்டால், இரைச்சலை எடுக்கிற எஃபெக்டைப் போட்டு நீ எடுக்க எடுக்கக் குரல் கிணற்றுத் தண்ணிக்குள்ளிருந்து வரும். நாலு நிமிஷப் பாட்டுக்கு ஃபேனை அணைத்தால் வேர்க்கும். வேர்க்கட்டுமே. உன் தாத்தா சித்திரை வெயிலில் பட்டுச் சட்டையும் போர்த்தின சால்வையுமாகத் தேருக்கு முன்னால் நடந்து நாதஸ்வரம் வாசித்தவர்.

அறை விஷயத்திலும் ஒன்று. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார். சத்தம் தகரம் மாதிரி கிணுகிணுத்தால் அதுதான் உன் பாட்டிலும் கேட்கிறது. நீ மைக்குக்குப் பின்னால் இருக்கிற சுவரில் பஞ்சு ஒட்டி வைத்திருக்கிறாய். உன் மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம், முன்பக்கம்தான் கேட்கும். அதற்கு முன்னால் இருப்பது நீ, உனக்குப் பின்னால் இருக்கிற சிமெண்ட் சுவர். ஜமுக்காளம் தொங்கவேண்டியது உன் முதுகுக்குப் பின்னால். அம்மாவின் துணி பீரோவைத் திறந்து விட்டுக்கொண்டு அதற்கு முதுகைக் காட்டி நின்றாலும் நல்லதுதான். மைக்கிலிருந்து ஒரு ஜாண் தள்ளி நில். ஒட்டி நின்றால் அடிக்குரல் வீங்கும்.

ரகுமான் 1989ல் கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லையில்தானே ஸ்டூடியோ போட்டார், பெட்டி வாங்கினதால்தானே ரோஜா வந்தது என்று போன பொங்கலுக்கு என்னிடம் வாதாடினாய். வாஸ்தவம். அதற்கு முன்னால் சின்ன வயசிலிருந்து எத்தனை பேர் ரிக்கார்டிங்கில் உட்கார்ந்து கீபோர்டு வாசித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, தாத்தாவின் கேசட் விஷயத்துக்கு வருகிறேன். மாமா மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று நீ சிரிப்பாய், சிரி. 1988ல் வைகாசித் திருவிழாவில் தாத்தா வாசித்த தோடி. நான் லீவு போட்டு வந்து, டூ-இன்-ஒன்னைக் கோயில் திண்ணையில் வைத்து, சி-90 கேசட்டில் பதிந்தேன். ஒரு பக்கம் முழுக்க ஆலாபனை. தாத்தா வாசித்ததில் நம் வீட்டில் இருந்த பதிவு அது ஒன்றுதான். 1991ல் அவர் போனார். அடுத்த வருஷம் உங்கம்மாவுக்குக் கல்யாணம், சீரோடு டூ-இன்-ஒன்னும் போயிற்று, கேசட் டப்பாவும் போயிற்று. உன் பெரியப்பாவுக்கு ரேடியோவில் வருகிற சினிமாப் பாட்டைப் பிடிக்க ஒரு கேசட் வேண்டியிருந்தது. மேலே எழுதியிருந்ததைப் படித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அந்த மிஷினில் அழிக்கிற ஹெட் முன்னால் இருக்கும், பதிகிற ஹெட் அதற்கு அடுத்தாற்போல். முதலில் துடைத்துவிட்டுத்தான் எழுதும். நாற்பத்தைந்து நிமிஷத் தோடியில் கடைசி நாற்பது விநாடி மட்டும் மிஞ்சியது, பெரியப்பா அதற்குள் ஸ்டாப் பட்டனை அமுக்கியிருக்கிறார்.

முப்பது வருஷத்துக்கு மேலாக அவர்மேல்தான் பழி போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா வீட்டு விசேஷங்களில் நான் ஏன் அவருக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை என்று நீ சின்னப் பையனாக இருந்தபோது கேட்டிருக்கிறாய். ஆனால் கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், பார்த்திருக்கிறாயா? அதை உடைத்துவிட்டால் அப்புறம் அதன்மேல் தெரியாமல் எவனாலும் பதிய முடியாது, ரிக்கார்ட் பட்டன் இறங்கவே இறங்காது. தியேட்டரில் கம்பெனிக்காரர்களுக்குக் காப்பி கொடுக்கும்போதெல்லாம் பேனா முனையால் உடைத்துக் கொடுத்தவன் நான். என் அப்பா கேசட்டுக்கு உடைக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது நான்தான். இதை உங்கம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அதனால்தான் இந்த விஷயத்தில் மட்டும் நான் விடமாட்டேன். ரீப்பரில் நீ சேமிக்கிற ஆர்பிபி ஃபைல் வெறும் எழுத்து. எந்த ட்ராக்கில் எது, எங்கே வெட்டியிருக்கிறது என்கிற பட்டியல். உன் குரல் அதில் இல்லை, தனியாக வேவ் ஃபைலாக வேறெங்கோ கிடக்கிறது. புராஜெக்டைச் சேமிக்காமலே பாட ஆரம்பித்தால் டாக்குமெண்ட்ஸில் ரீப்பர் மீடியா என்ற ஃபோல்டரில் போய் விழுகிறது. போன வருஷம் பட்டியலை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு லேப்டாப்பை ஃபார்மேட்டுக்குக் கொடுத்தாயே, பதினோரு பாட்டு போனது அப்படித்தான். நீ அன்றைக்கும் சாப்ட்வேரைத்தான் திட்டினாய். இனி பாடுவதற்கு முன்னாலேயே பாட்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லா ஆடியோவையும் அதற்குள்ளேயே காப்பி பண்ணு என்கிற டிக்கைப் போட்டுச் சேமி. ராத்திரி படுக்கும் முன் தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி. மாதம் ஒரு தடவை இன்னொரு காப்பி எனக்கு, இங்கே என் பீரோவில் இருக்கட்டும். அந்த நாற்பது விநாடி என்னிடம் மூன்று இடத்தில் இருக்கிறது.

இப்போது பெட்டி. ஒயர் ஹெட்ஃபோன், டிஸ்க், இரண்டு ஜமுக்காளம், எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் அடங்கும். இல்லை, தொண்ணூறாயிரம் போட்டு அந்தப் பெட்டியை வாங்கி, அதே ஃபேனுக்குக் கீழே வைத்து, அதே முதல் வரியை முணுமுணுத்து கெயின் வைக்கலாம். முடிவு உன்னுடையது, நான் குறுக்கே வரமாட்டேன். வளையல் உங்கம்மாவுடையது. அது தாத்தா ஒரு முகூர்த்த மாதம் முழுக்க ஊர் ஊராகப் போய் வாசித்த காசில் செய்தது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன், வேறொன்றுமில்லை.

ரொம்பப் பேசிவிட்டேன். மூன்று தடவை கேட்டேன் என்று எழுதினேன் அல்லவா, பொய். இரண்டு தடவைதான் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்டேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை என்று எண்ணவில்லை. சரணத்தில் நீ மேலே ஏறுவதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துகிறாயே, அதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? தாத்தா அப்படித்தான் நிறுத்துவார். நீ அவரைப் பார்த்ததே இல்லை. மெட்டும் நன்றாக இருக்கிறது, உன் மாமி சமையல்கட்டில் முணுமுணுக்கிறாள். சினிமாவில் இன்றைக்கு வருகிற பாதிப் பாட்டுக்கு உன் பாட்டு தேவலை, சத்தியமாகச் சொல்கிறேன். ஃபேன்கூட ஹெட்ஃபோன் போட்டால்தான் கேட்கிறது, சாதாரணமாகக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

தங்கச்சி போனுக்கு ஐயாயிரம் போட்டிருக்கிறேன், ஹெட்ஃபோனுக்கு. அவளிடம் கேட்டு வாங்கிக்கொள். உங்கம்மாவிடம் வளையலை உள்ளே வைக்கச் சொல். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன், சனிக்கிழமை விடியலில் கிளாம்பாக்கம் வந்துவிடுவேன். வீட்டுப் பவானி ஜமுக்காளம் இரண்டும், நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவருகிறேன். நீ உன் இஷ்டப்படி பாடு, நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். இட்லியைச் சூடாகச் சாப்பிடு.

அன்புடன்,
மாமா

பி.கு.: பெரியப்பா ஊரில் இருந்தால் அவரையும் வரச் சொல். அந்த நாற்பது விநாடியை அவர் இதுவரை கேட்டதில்லை.