எஸ்டிமேட்டிலேயே எழுதுங்கள்

சேலம், நாமக்கல் பக்கம் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அங்கன்வாடி கட்ட எஸ்டிமேட் போடச் சொல்கிறார்கள். பழைய கோப்பைப் புரட்டி அப்படியே படியெடுக்கத்தான் கை போகும். செங்கல் என்ற வரி வரும்போது மட்டும் நிறுத்துங்கள்.

மேட்டூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். அங்கே எரியும் நிலக்கரியின் சாம்பலைக் கொண்டு செங்கல்லுக்கு மாற்றாகக் கல் அறுக்கலாம். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், வயலின் மேல்மண்ணை வெட்ட வேண்டாம். அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் கட்டடம் கட்டுவோர், அரசுத் துறைகள் உட்பட, சாம்பல் கல் போன்ற பொருள்களையே பயன்படுத்த வேண்டும் என்று 2021 டிசம்பர் 31 தேதியிட்ட மத்திய சுற்றுச்சூழல் அமைச்சக அறிவிக்கை சொல்கிறது. மாற்றுப் பொருளைவிட விலை கூடக் கூடாது என்பது நிபந்தனை. நம் இரண்டு மாவட்டங்களும் அந்த வட்டத்துக்குள் முழுதாக அடங்குகின்றன. அறிவிக்கையின் நகலையும் உள்ளூர் விலை ஒப்பீட்டையும் கோப்பில் சேருங்கள். ஆடிட்டில் கேள்வி வந்தால் அந்த இரண்டு தாள்களே பதில்.

டெண்டர் விட்ட பிறகு இதையெல்லாம் யோசித்துப் பயனில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அதன்படி, ஆவணத்தில் முன்பே சொன்ன அளவுகோலை வைத்துத்தான் குறைந்த விலையைத் தீர்மானிக்க முடியும். உறை பிரித்த பின் “இவர் கல் நல்ல கல்” என்று யாருக்கும் சலுகை காட்ட முடியாது, காட்டவும் கூடாது.

“சாம்பல் கல் உதிரும் சார்” என்பார் மேஸ்திரி. அவர் பேச்சைத் தள்ளாதீர்கள். சிமென்ட் கலந்த கல்லுக்குப் போதிய நாள் தண்ணீர் காட்டாமல், நாலே நாளில் லாரி ஏற்றினால் உதிரத்தான் செய்யும். எனவே விவரக்குறிப்பில் கம்பெனிப் பெயர் வேண்டாம். தர எண்ணை எழுதுங்கள். சுண்ணாம்பு கலந்த கல்லுக்கு ஐ.எஸ். 12894, சிமென்ட் கலந்ததற்கு ஐ.எஸ். 16720. எந்தத் தேதியில் அறுத்த கல் என்பதை ஒப்பந்ததாரர் எழுதித் தர வேண்டும் என்றும் சேருங்கள். லோடு இறங்கியதும் நீங்களே மாதிரி எடுத்து, அமுக்க வலிமைக்கும் நீர் உறிஞ்சலுக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் ஒப்பந்ததாரரிடம் விடாதீர்கள்.

அலுவலகக் காகிதம் வாங்கும்போதும் இதே வழிதான்: கழிவிலிருந்து செய்தது வேண்டும் என்பதை முன்பே ஆவணத்தில் எழுதுங்கள். பரமத்தி வேலூருக்கு எதிர்க்கரையில், புகளூர் ஆலையில் 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள்.

சாம்பல் கல்லை முதலில் சின்னச் சுற்றுச்சுவர் ஒன்றில் வைத்துக் கட்டிப் பாருங்கள். சோதனை அறிக்கையைக் கோப்பிலேயே வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் படியெடுக்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.