தற்காலிகக் கோப்புகள்

உயர்ந்த கோபுரம் எழுப்புவோர் முதற்கண் சாரம் கட்டுவர். சாரமின்றிக் கோபுரம் எழாது. கோபுரம் முடிந்தபின் சாரம் நிற்றலும் ஆகாது. கணினி நிரல்களிலும் இத்தகைய சாரம் ஒன்று உண்டு. அதுவே தற்காலிகக் கோப்பு எனப்படும்.

பல கோடிப் பெயர்களை அகரவரிசையில் அடுக்க வேண்டும் எனக் கொள்வோம். அவை ஒருசேர நினைவகத்தில் அடங்காவிடில் நிரல் என் செய்யும்? அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து வரிசைப்படுத்தி, வட்டில் தனித்தனிக் கோப்புகளாக எழுதி வைக்கும். பின்னர் அவற்றை இணைத்து முழுப்பட்டியலை ஆக்கும். பட்டியல் முடிந்ததும் அக்கோப்புகளால் பயன் யாதும் இல்லை.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் இயக்க முறைமையிலும், அதன் நெறியைப் பின்பற்றும் லினக்ஸிலும், இக்கோப்புகளுக்கென ‘டெம்ப்’ என்னும் பொது இடம் உண்டு. அது பலரும் வந்து தங்கும் சத்திரம் போன்றது. ஆதலின் அங்கு இரண்டு நெறிகளைப் போற்றுதல் வேண்டும்.

முதலாவது, ஆக்கும் நெறி. இரு நிரல்கள் ஒரே பெயரைச் சூட்டின், ஒன்றன் எழுத்தை மற்றொன்று அழித்துவிடும். ‘இப்பெயரில் கோப்பு உளதோ?’ என முன்னர்ப் பார்த்துப் பின்னர் ஆக்குதலும் போதாது. பார்த்தற்கும் ஆக்குதற்கும் இடைப்பட்ட நொடியில், தீய நிரல் ஒன்று வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பை அப்பெயரில் வைத்துவிடக் கூடும். அறியாது எழுதும் நிரல் அந்த வேறு கோப்பையே கெடுத்துவிடும். ஆகவே, பார்த்தலும் ஆக்குதலும் ஒரே செயலாக நிகழ வேண்டும். சி மொழியில் வழங்கும் ‘எம்கேஎஸ்டெம்ப்’ என்னும் செயற்கூறு இதனைச் செய்கிறது. உரியவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் இயலுமாறு கோப்பை ஆக்கித் தருகிறது.

இரண்டாவது, அகற்றும் நெறி. அகற்றும் கட்டளையை நிரலின் இறுதி வரியில் மட்டும் எழுதினால், இடையில் பிழை நேர்ந்து முறியும் நிரல் அவ்வரியை எட்டாது. எஞ்சிய கோப்புகள் நாளடைவில் குவிந்து வட்டை நிரப்பும். யாதொரு குற்றமும் செய்யாத பிற நிரல்களும் எழுத இடமின்றி நிற்கும். ஆதலால், வெற்றியுறினும் பிழையுறினும் தவறாது நிறைவேறும் இடத்தில் அக்கட்டளையை அமைத்தல் வேண்டும். பைத்தான் மொழியின் ‘வித்’ என்னும் கூற்று இதற்கு உதவும்.

யூனிக்ஸில் இதனினும் நுட்பமான வழி ஒன்று உண்டு. கோப்பைத் திறந்தவுடனே அதன் பெயரை நீக்கிவிடலாம். பெயர் மறையினும், திறந்த நிரல் அதனைத் தொடர்ந்து பயன்படுத்தும். நிரல் முடிந்தாலும், இடையில் வலிந்து நிறுத்தப்பட்டாலும், இயக்க முறைமையே அவ்விடத்தை மீட்டுக்கொள்ளும்.

ஆக்கும்பொழுதே அகற்றும் வழியையும் எண்ணுதல் நல்ல நிரலர்க்கு அழகாகும்.